முதல் வகுப்பில் ஒரு காலை

சீட்டு மெத்தையா இருக்கு, அதுதான் மொதல் பிரச்சனை. ரெக்சின் மெத்தை. தொடைக்குக் கீழ ஒட்டிக்கிச்சு, எழுந்தா பர்ருன்னு பிஞ்சுக்கிட்டு வரும், நான் இன்னும் எழுந்திருக்கவே இல்ல, அந்தச் சத்தம் இப்பவே காதுல கேக்குது. எதுத்தாப்ல வில்பி உக்காந்து சிரிக்கிறான். "எப்படிக்கா? நல்லாருக்குல்ல? காலை நீட்டிக்கோ." தலைய ஆட்டினேன். நல்லா இல்லடா. கொஞ்சங்கூட நல்லா இல்ல. பதினாறு வருஷமா அம்பத்தூர்லேர்ந்து சென்ட்ரலுக்குப் போறேன், எட்டு நாப்பது வண்டி, லேடீஸ் பெட்டி, நின்னுக்கிட்டே, ஒருநாள்கூட காலை நீட்டணும்னு தோணினதில்ல. இன்னிக்கு என் தம்பி வில்பிரட் ஓசூர்லேர்ந்து லீவு போட்டு வந்து எனக்காகப் பாத்துப் பாத்து முதல் வகுப்பு டிக்கெட் எடுத்திருக்கான். "இந்தக் கூட்டத்துல எப்படிக்கா தெனம் போற? உன்ன மாதிரி இருக்கறவங்களுக்கு இது நரகம்க்கா." உன்ன மாதிரி. டாக்டர் அந்த வார்த்தைய சொல்லி எட்டு வருஷமாச்சு, ஆட்டிசம்னு, அப்ப எனக்கு முப்பத்திமூணு வயசு, அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க, கைப்பைய மடியில வச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "அப்ப இது திமிர் இல்லையா டாக்டர்?" டாக்டர் இல்லம்மான்னார். அம்மா அங்கயே அழுதுட்டாங்க, நான் டாக்டர் மேசை மேல இருந்த காது பொம்மையப் பாத்துக்கிட்டிருந்தேன். வில்பி மட்டும் அந்த வார்த்தைய இன்னிவரைக்கும் வாயால சொன்னதில்ல. உன்ன மாதிரி, உன் கண்டிஷனுக்கு, இப்படித்தான் சுத்திச் சுத்திப் போவான். நல்லவன். அடிச்சுத் துவைக்கணும்போல கோவம் வர்ற அளவுக்கு நல்லவன். பத்து மணிக்கு ஈவினிங் பஜார்ல எங்க வீட்டு ஓனர் தணிகாசலத்தோட வயர் கடைக்குப் போறோம். மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றோம்னு போன்ல ஏற்கெனவே காதுல போட்டுட்டான், இன்னிக்கு நேர்ல உறுதியாச் சொல்லப் போறான். சொன்னா முடிஞ்சுது கதை, அந்த வீட்டுக்கு மாடிக்காரரோட மச்சான் பெட்டி படுக்கையோட ரெடியா நிக்கிறார். அப்புறம் நான் ஓசூர், வில்பி வீட்டு மாடி ரூம், ஆயுசு பூரா. அதுக்குள்ள நான் வாயத் தொறந்து இவன்கிட்ட நான் வரலன்னு சொல்லணும். வண்டி பட்டரவாக்கம் தாண்டுது. இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கு.

ஏன்டி இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தன்னு யாராவது கேட்டா நியாயந்தான். அம்மா போய் நாலு மாசம் ஆச்சு, வில்பி போன்ல மூணு தடவை கேட்டான், "அக்கா, எங்ககூட வந்துடு, சரியா?" மூணு தடவையும் நான் சரின்னேன். சரிங்கறது எனக்கு ஒரு வார்த்தையே இல்ல. கொசு வந்து உக்காந்தா கை தானாப் போகும்ல, அந்த மாதிரி யாராவது என் முகத்தைப் பாத்து பதிலுக்குக் காத்திருந்தா வாயிலேர்ந்து சரி வந்துடும். அதச் சொன்னா அவங்க முகத்தைத் திருப்பிக்குவாங்க, எனக்கு மூச்சு வரும், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். அவங்களுக்குத்தான் அது சம்மதம். தையக்காரர் இந்த அளவு போதுமான்னார், சரின்னேன், ரெண்டு ஜாக்கெட் இன்னும் பீரோவுல கெடக்கு, கை நுழையாது. சர்ச்ல மேரி டீச்சர் பாடகர் குழுவுல சேந்துக்கறியான்னாங்க, சரின்னேன், ரெண்டு வருஷம் பச்சைக் கரை புடவை கட்டிக்கிட்டு வாயை மட்டும் அசைச்சுக்கிட்டு நின்னேன், அந்த ஆர்கன் சத்தம் பல்லுக்குள்ள எறங்கும், ரெண்டு வருஷம்! இப்ப வீடு. நிஜத்தைச் சொல்லணும்னா எழுதிக்கூட அனுப்பினேன். வாட்ஸப்புல நீளமா, ராத்திரி சாப்பாட்டைக்கூட விட்டுட்டு ஒக்காந்து, வில்பி நான் சரின்னு சொன்னது சரி இல்ல, எனக்கு இங்கதான் இருக்கணும், வேலை இருக்கு, ரயில் இருக்குன்னு. அதுக்கு அவன் ஒரு வீடியோவ அனுப்பினான். அதுல ஒரு மேடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசறாங்க, இவங்களுக்கு மாற்றம்னா பயம், மொதல்ல மறுப்பாங்க, நாமதான் அன்பா, உறுதியா அழைச்சுக்கிட்டுப் போகணும்னு. கீழ வில்பி எழுதியிருந்தான், "பயப்படாதக்கா, இது நார்மல்தான், பழகிடும்." பாத்தீங்களா கொடுமைய? நான் சரின்னா அது என் பேச்சு, வேணாம்னா அது என் வியாதி. எழுதினா எடுபடாது. கண்ணுக்கு நேரா, அழாம, குரல் ஏறாம, சாதாரண மனுஷி மாதிரி சொன்னாத்தான் எடுபடும். அந்தச் சாதாரண மனுஷி காலையில ஏழு மணியிலேர்ந்து எனக்குள்ள எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டு வரமாட்டேங்கறா. நான் வரல வில்பி. நாலு வார்த்தைகூட இல்ல. நாக்குக்கு அடியில கெடக்கு. தொண்டைக்கு மேல ஏறமாட்டேங்குது.

கொரட்டூர். முதல் வகுப்புல யாரும் ஏறல. மொத்தமே அஞ்சாறு பேர், அதுல ஒருத்தர் மூக்கை உறிஞ்சறார். உறிஞ்சறார், நிறுத்தறார், நான் அடுத்ததுக்குக் காத்திருக்கேன், வரல, வரலன்னு தோள்பட்டை ரெண்டும் காதுவரைக்கும் ஏறுது, அப்ப உறிஞ்சறார். ஃபேன்ல ஒரு கம்பி தட்டுது. பேப்பர் மடிக்கற சத்தம். வில்பி செருப்பு தரையில தேயற சத்தம். இதையெல்லாம் இவங்க அமைதின்னு சொல்றாங்க. அமைதியான எடத்துல ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா எழுந்து நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுதுடா, அது உனக்குத் தெரியாது. கூட்டத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து கொழகொழன்னு ஒரே சத்தமாயிடும், அது என்மேல போத்தினாப்ல கெடக்கும், நான் உள்ள பத்திரமா இருப்பேன். ஓசூர்ல ஒன்பது நாள் இருந்தேன், அம்மா அடக்கம் முடிஞ்சு. கேட் போட்ட காலனி. வரிசையா ஒரே மாதிரி வீடு. வில்பி பொண்டாட்டி ஷீபா பாவம் ஒரு குத்தமும் சொல்ல முடியாது, எனக்காக மிக்ஸியக்கூட நான் குளிக்கப் போற நேரமாப் பாத்துத்தான் போட்டா. மத்தியானம் ரெண்டு மணி ஆச்சுன்னா அந்தக் காலனியே செத்துடும். அப்ப தண்ணி ஃபில்டர்லேர்ந்து ஒரு சொட்டு விழும். அடுத்த சொட்டு எப்பன்னு அதுக்கே தெரியாது. பதினாலாம் நம்பர் வீட்டு நாய் ஒரே ஒரு தடவை குரைக்கும். ரெண்டாவது தடவை குரைச்சிருந்தா மன்னிச்சிருப்பேன். சரி வெளிய நடக்கலாம்னு எறங்கினா எல்லாருக்கும் என்னைத் தெரியும். "வில்பிரட் அக்காவா? எப்படி இருக்கீங்க? மனசு தேறிடுச்சா? சாயந்தரம் கிளப் ஹவுஸுக்கு வாங்களேன்." முகத்தைப் பாத்து, நின்னு, பதிலுக்குக் காத்திருந்து. ஒன்பது நாள்ல எத்தனை சரி சொன்னேன்னு கணக்கில்ல, யோகா கிளாஸ்ல என் பேரு இருக்குன்னு ஷீபா சொல்லித்தான் தெரியும். பத்தாவது நாள் அம்பத்தூர் வந்து எறங்கினேன், ஸ்டேஷன் வாசல்ல ஓல்டு டவுன் போற ஷேர் ஆட்டோக்காரன் என்னைப் பாக்காமலே "ஓ.டி. ஓ.டி. ஓ.டி."ன்னு கத்தறான், ஒருத்தி என்னை இடிச்சுட்டு திரும்பிக்கூடப் பாக்காமப் போறா, அப்பாடான்னு இருந்துது. அம்மா செத்ததுக்கு அப்புறம் மொதல் தடவையா அங்கதான் அழுதேன், பழவண்டிக்குப் பக்கத்துல நின்னு. யாரும் ஏன்னு கேக்கல. எவ்வளவு பெரிய உபகாரம் அது.

ஊரை ரொம்பத் தூக்கி வச்சுப் பேசறேன்னு நெனைச்சுக்காதீங்க, இந்த ஊரு என்னைப் படுத்தாத பாடில்ல. லாரி ஹாரன் அடிச்சான்னா ரெண்டு நிமிஷம் நான் எங்க இருக்கேன்னே தெரியாது. ரோட்டைத் தோண்டி வழிய மாத்திட்டாங்கன்னா அந்தப் புது சந்து மொனையில கால் ஒட்டிக்கும், வேலை பாக்கற லேபுக்கு லேட்டாப் போவேன். வில்பி பயப்படறான்னா சும்மா இல்ல, அவன் பாத்திருக்கான். அவன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க தி.நகர் போனோம், நான், அம்மா, அவன். ரெண்டு கடை எதிரெதிரா, ரெண்டுலயும் ஸ்பீக்கர், இது ஒரு வெல சொல்லுது அது ஒரு வெல சொல்லுது, ரெண்டும் கலக்கவே மாட்டேங்குது, ரெண்டு கையையும் ரெண்டு பக்கம் பிடிச்சு இழுக்கறாப்ல. அதுக்கு மேல யாரோ ஒரு அம்மா ஜார்ஜெட் முந்தானை என் கையில லேசா, ஐயோ, லேசா உரசிட்டுப் போச்சு. அழுத்தித் தொட்டா எனக்கு ஒண்ணுமில்ல, லேசாத் தொட்டா நெருப்பு. அப்படியே ரோட்டுல உக்காந்துட்டேன், காதைப் பொத்திக்கிட்டு, கத்தியிருக்கேன்போல. சுத்திக் கூட்டம். "வலிப்பு! வலிப்புப்பா! இரும்பு குடுங்க! யார்கிட்டயாவது சாவி இருக்கா?" ஆளாளுக்கு சாவிக்கொத்தைக் கொண்டாந்து என் கையில திணிக்கறாங்க. வில்பி நடுவுல நின்னு, "எங்கக்காவுக்கு வலிப்பு இல்லைங்க, வலிப்பு இல்லைங்க"ன்னு சொல்லிச் சொல்லி, அப்புறம் வலிப்பு இல்லன்னா என்னன்னு அவனுக்கே தெரியாதே, டாக்டர்லாம் அதுக்கப்புறம்தானே, அப்படியே நின்னு அழுதுட்டான். கல்யாண மாப்பிள்ளை. அவன் எப்பவும் நெனைச்சுக்கறது அந்த எடத்தைத்தான். எனக்கு ஞாபகம் இருக்கறது வேற. நாலஞ்சு கொத்து சாவி, என்னா கனம், என்னா குளிர்ச்சி, இறுக்கிப் பிடிச்சேன், உள்ளங்கையில பல்லு பல்லாப் பதிஞ்சுது, அந்தக் கனத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல வந்துட்டேன். வைத்தியம் தப்பு, ஆனா கேட்டுடுச்சு. அப்புறம் யார் சாவி எதுன்னு பிரிச்சுக் குடுக்கறதுக்குள்ள அம்மாவுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு, ஒரு ஸ்கூட்டர்காரர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எங்க பின்னாடியே ஓடி வந்தார். அத இப்ப நெனைச்சா சிரிப்பு வருது. சிரிச்சுட்டேன்போல. "என்னக்கா?" வில்பி குனிஞ்சு என் முகத்தைப் பாக்கறான். பதிலுக்குக் காத்திருக்கான். இப்பச் சொல்லு ஹில்டா. இப்ப. "ஒண்ணுமில்லடா" வந்துது. வில்லிவாக்கம் வந்து, போயும் போயிடுச்சு.

அம்மா இருந்தா நான் சொல்லவே வேணாம், அம்மாவுக்குத் தெரியும். எட்டு வயசுல நான் கத்தறப்ப எங்கப்பா பெல்ட்டை எடுப்பார், அம்மா குறுக்க விழுந்து என்னை ஜமுக்காளத்துல போட்டு பாய் சுருட்டறாப்ல சுருட்டி, மேல தானும் படுத்துக்குவாங்க. பாதி உடம்பு வெயிட்டு என்மேல. கத்தல் நின்னுடும். யாரும் சொல்லித் தரல அவங்களுக்கு, எந்த டாக்டரும் சொல்லல, எப்படியோ கண்டுபிடிச்சாங்க. பெரியவளானதும் வெக்கம் வந்துடுச்சு, சுருட்டச் சொல்லிக் கேக்க முடியுமா? அப்புறம் பெரியமேட்டுல இந்த வேலை கெடைச்சுது, ரத்தப் பரிசோதனை லேப்ல, கண்ணாடி ஸ்லைடுல தேச்ச ரத்தத்தை மைக்ராஸ்கோப்புல பாத்து எழுதற வேலை. ஒரு கண்ணால உள்ள பாத்தா வெளியில ஒலகமே கெடையாது, எனக்குன்னே செஞ்ச வேலை. மொதல் நாள் எட்டு நாப்பது வண்டியில ஏறினப்ப செத்தேன்னுதான் நெனைச்சேன். லேடீஸ் பெட்டியில மூச்சு விட எடமில்ல. முன்னாடி ஒரு அம்மா முதுகு, பின்னாடி ஒருத்தி பை, ரெண்டு பக்கமும் தோளு. கையத் தூக்க முடியல. அப்ப பட்டரவாக்கத்துக்கும் கொரட்டூருக்கும் நடுவுல எனக்குள்ள ஏதோ சத்தம் நின்னுது. பொறந்ததுலேர்ந்து ஓடிக்கிட்டிருந்த மோட்டாரை யாரோ அணைச்சாப்ல. என்னடா இதுன்னு பாத்தா, ஜமுக்காளம். அதே ஜமுக்காளம். நாப்பது பொம்பளைங்க சேந்து என்னைச் சுருட்டிப் பிடிச்சிருக்காங்க, யாருக்கும் அது தெரியாது, யாருக்கும் நான் தேங்க்ஸ் சொல்ல வேணாம், முகத்தைக்கூடப் பாக்க வேணாம். பதினாறு வருஷம். ஒருத்தி பேரும் எனக்குத் தெரியாது. ஒரு அம்மா முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டே வருவாங்க, காம்பையெல்லாம் ஒரு கவர்ல போடுவாங்க, சென்ட்ரல் வர்றதுக்குள்ள கீரை முடிஞ்சுடும். ஊதா பைக்காரி கல்யாணமாகி, பிள்ளை பெத்து, மறுபடி அதே எடத்துக்கு வந்து நிக்கறா. நான் ரெண்டு நாள் வராம இருந்து வந்தா, கீரையம்மா எதுவும் கேக்காம கொஞ்சம் நகந்து என் கம்பியை எனக்கு விடுவாங்க. ஞாயித்துக்கிழமை காலி ரயில்ல போகவே மாட்டேன், பயம். அம்மா அடக்கம் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு ஓசூர்லேர்ந்து ஓடி வந்து மொதல் வேலையா நான் செஞ்சது எட்டு நாப்பதைப் பிடிச்சதுதான். அம்மா இல்ல. என்மேல படுத்துக்க இனிமே யாரும் இல்ல. இதுதான் இருக்கு. இத எப்படிடா உன்கிட்டச் சொல்றது? அந்த வீடியோ மேடத்துக்குத் தெரியுமா இது?

லோக்கோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், ரெண்டும் சட்டு சட்டுன்னு வந்து போகுது. வில்பி போனை எடுத்து ஒரு போட்டோ காட்டறான். மாடி ரூம். எனக்காகச் சுவர்ல ஏதோ பஞ்சு மாதிரி பலகை ஒட்டியிருக்கான், சத்தமே உள்ள வராதாம். ஜன்னலுக்கு ரெண்டு கண்ணாடி. "பின் டிராப் சைலன்ஸுக்கா. கம்பெனிக்காரனையே வரவழைச்சு ஒட்டினேன்." அவன் கண்ணு கலங்கியிருக்கு. "அம்மா ஆஸ்பத்திரில என் கையப் பிடிச்சு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, ஹில்டாவ விட்டுடாதடான்னு. எனக்குத் தூக்கமே இல்லக்கா, நீ இங்க ரோட்டுல எங்கயாவது விழுந்து கெடந்தா? எவனோ சாவியக் குடுத்துக்கிட்டு நின்னா?" அந்த ரூமைப் பாக்கறேன். வெள்ளைச் சுவர், பஞ்சு, ரெண்டு கண்ணாடி. உள்ள போனா என் மூச்சு எனக்குக் கேக்கும், எச்சில் முழுங்கறது கேக்கும், கண்ணு சிமிட்டறதுகூடக் கேக்கும். என் தம்பி ஆசை ஆசையா, ராத்தூக்கம் கெட்டு, எனக்கு ஒரு சவப்பெட்டி செஞ்சு வச்சிருக்கான். "பிடிச்சிருக்காக்கா?" முகத்தைப் பாக்கறான். காத்திருக்கான். வாய் தொறக்குது, ச வருது, எனக்கே தெரியுது ச வருது, பல்லைக் கடிச்சேன். நாக்கு கடிபட்டு ரத்த ருசி. மூக்குக்காரர் உறிஞ்சறார். ஃபேன் கம்பி. கையெல்லாம் வெடவெடன்னு ஆடுது. வண்டி பெரம்பூர்ல நிக்குது. எழுந்தேன். பர்ருன்னு ரெக்சின் பிஞ்சுது. "அக்கா? இது சென்ட்ரல் இல்லக்கா, பெரம்பூர். அக்கா!" எறங்கிட்டேன். பிளாட்பாரத்துல கால் வச்சதும் எந்தப் பக்கம்னு ஒரு விநாடி தெரியல, அப்புறம் சத்தம் வழி காட்டுச்சு, பக்கத்துலயே லேடீஸ் பெட்டி, ஒரே பெட்டியில பாதி முதல் வகுப்பு, பாதி லேடீஸ், நடுவுல தடுப்பு, வாசல்ல பொம்பளைங்க பிதுங்கிக்கிட்டு நிக்கறாங்க. வண்டி ஊதிடுச்சு. பின்னாடி வில்பி, "ஐயோ எறங்கிட்டாங்க, யாராவது பிடிங்க, அவங்களுக்கு உடம்பு சரியில்ல!" யாரு யாரைப் பிடிக்கறது? நான் கம்பியைப் பிடிச்சேன், யாரோ ஒரு கை என் முழங்கையை நல்லா அழுத்திப் பிடிச்சு உள்ள இழுத்துது. "ஏறு ஏறு, உள்ள போம்மா, கால் வை." வண்டி நகந்துடுச்சு.

முதுகு. பை. தோளு. ஒருத்தி டிபன் டப்பா விலாவுல குத்துது. மல்லிப்பூ, தேங்கா எண்ணெய், டால்கம் பவுடர், பவுடருக்குக் கீழ வேர்வை. பேச்சு, பேச்சு, யாரோ மாமியாரைத் திட்டறாங்க, யாரோ ஜெபம் சொல்றாங்க, எல்லாம் ஒண்ணாக் கலந்து என்மேல எறங்குது. இன்னும் இறுக்குங்கடி. கை ஆட்டம் நின்னுது. வியாசர்பாடியில இன்னும் பத்து பேர் ஏறினாங்க, நான் அப்படியே உள்ள தள்ளப்பட்டு நடுத்தடுப்பு வரைக்கும் போயிட்டேன். தடுப்புல மேல் பாதி கம்பி வலை. வலைக்கு அந்தப் பக்கம் முதல் வகுப்பு, அங்க வில்பி. ரெண்டு கையாலயும் வலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான், முகம் வெளுத்துப் போயிருக்கு. "அக்கா! அக்கா, பயப்படாத, மூச்ச இழுத்து விடு, பேசின் பிரிட்ஜ்ல நான் வந்து உன்ன எறக்கிடறேன். மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், அவங்கள அழுத்தாதீங்க." எனக்கு முன்னாடி நின்ன ஒரு தடிச்ச அம்மா அவனை மேலயும் கீழயும் பாத்தாங்க. "எங்க தள்றது? உன் வீட்டுக்கா? யாரும்மா இந்த ஆளு, உன்னத் தொந்தரவு பண்றானா?" நான், "என் தம்பிங்க"ன்னேன். என் குரல். என்னோட சாதாரணக் குரல், லேப்ல பேசறது. அந்தம்மா, "தம்பியா? சரி பேசு"ன்னுட்டு திரும்பிக்கிட்டாங்க, அவங்க முதுகு மொத்தமும் என் தோள்மேல. வண்டி பேசின் பிரிட்ஜுக்கு முன்னாடி சிக்னலுக்கு நின்னுது, வழக்கம்தான். "வில்பி"ன்னேன். "நான் ஓசூர் வரல. அந்த ரூம் எனக்கு வேணாம். நீ ஆசையா செஞ்சிருக்க, தெரியும், என்னால அதுல ஒரு நாள் இருக்க முடியாது. சத்தம் இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிக்கும். இந்தா, இது பிடிச்சிருக்கு எனக்கு, இப்படி நசுங்கிக்கிட்டு நிக்கறது. அம்மா சுருட்டுவாங்கள்ல, அது மாதிரி. நான் போன்ல சொன்னது எதையும் எடுத்துக்காத. எழுதினேன் பாரு, அதுதான் நிஜம், அது வியாதி எழுதினது இல்ல, நான் எழுதினது. வேலைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன். ரோட்டுல விழுந்தா விழுவேன், எழுந்துப்பேன். மாசம் ஒரு தடவை நீ வா, பிள்ளைங்களக் கூட்டிட்டு வா. அந்த வீட்ட விட்டுடாத வில்பி, எனக்கு வேற எடமில்ல." அவன் வலையப் பிடிச்சபடியே நிக்கறான். "நீ இவ்ளோ நீளமாப் பேசி நான் கேட்டதே இல்லக்கா." "நானும் கேட்டதில்ல." "எனக்குப் பயமா இருக்குக்கா." "எனக்கும்தான்டா. தெனமும்தான் பயமா இருக்கு." "அங்க வந்தா பயப்பட ஒண்ணுமே இல்லையேக்கா." "அங்க வந்தா பயம் மட்டும்தான்டா இருக்கும்."

அவன் தலைய வலைமேல சாய்ச்சுக்கிட்டான். நெத்தியில கம்பி பதிஞ்சிருக்கும். அழறானா என்னன்னு எனக்குப் பாக்கத் தெரியல, முகம் பாத்துச் சொல்ற வித்தை எனக்கு வராது, தோளு ஆடுது, அப்ப அழறான்தான். கம்பி இடுக்குல ஒரு விரல்தான் போகும். போட்டேன். அவன் நெத்திய விரலால நல்லா அழுத்தினேன், லேசா இல்ல. சிக்னல் விழுந்து வண்டி குலுங்கிக் கெளம்புச்சு, எல்லாரும் ஒரே பக்கமாச் சாஞ்சு என்னை வலையோட அப்பினாங்க, கன்னம் கம்பியில ஒட்டிக்கிச்சு, அந்தத் தடிச்ச அம்மா "ஐயய்யோ, நசுங்கிட்டியாம்மா?"ன்னாங்க, "இருக்கட்டும்க்கா"ன்னேன். வில்பி முகத்தைத் துடைச்சுக்கிட்டான். அப்படியே என்னைப் பாத்தான், ரொம்ப நேரம், பதிலுக்குக் காத்திருக்காம சும்மா பாத்தான், அப்படி அவன் பாத்து எனக்கு ஞாபகமில்ல. போனை எடுத்தான். "சார், வணக்கம், நான் வில்பிரட். ஹில்டா தம்பி. ஆமா சார், பத்து மணிக்கு வர்றதா இருந்தோம். இல்ல சார், வரல. வீடு காலி ஆகல சார், அக்கா இங்கயேதான் இருக்காங்க. தெரியும் சார், மாடிக்காரர்கிட்ட நீங்க சொல்லிட்டீங்கன்னு தெரியும், நான் அவசரப்பட்டுப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க." அந்தப் பக்கம் தணிகாசலம் ஏதோ கேக்கறார், இங்க இரைச்சல்ல எனக்குக் கேக்கல, வில்பி ஒரு காதைப் பொத்திக்கிட்டு என்னையே பாத்தபடி பதில் சொல்றான். "இல்ல சார், உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. ரயில்ல வர்றோம். சரியான கூட்டம் சார், நிக்கக்கூட எடமில்ல. நல்லா இருக்காங்க."